கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டில் நான் ஒருத்தி சைவம். எடை மட்டும் ஏறுகிறது

மல்லிச்செடி எழுதியது:

வயது 44, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. ஊர் விருதுநகர். வீட்டில் அத்தை, மாமா, கணவர், இரண்டு பையன்கள், நான். இந்த ஆறு பேரில் சைவம் நான் ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் தைப்பூசத்துக்கு அடுத்த வீட்டு அக்காவோடு வடலூர் போனேன். பக்தி என்று சொல்ல முடியாது, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். சத்திய ஞான சபை வாசலில் ‘புலை கொலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்’ என்று எழுதியிருந்தது. முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட கோழிக்குழம்பு நினைவுக்கு வந்தது. கூட வந்தவர்கள் உள்ளே போனார்கள். நான் அவர்களுடைய செருப்புக்குக் காவலாக வெளியிலேயே நின்றுவிட்டேன். அன்றோடு கறி, மீன், முட்டை எல்லாம் விட்டாயிற்று.

அப்போது என் எடை 66. கறியை விட்டால் உடம்பு தானாக இளைத்துவிடும் என்று சொன்னவர்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் எட்டு கிலோ ஏறிவிட்டது. போன மாதம் ரத்தம் பார்த்ததில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.0. ‘இன்னும் நோய் இல்லை, வாசலில் நிற்கிறீர்கள். ஐந்தாறு கிலோவாவது குறைத்தே ஆக வேண்டும்’ என்றார் டாக்டர். தைராய்டு சரியாக இருக்கிறது.

வாரத்தில் நான்கு நாள் வீட்டில் கறியோ மீனோ இருக்கும். சமைப்பதும் நான்தான். அதில் எனக்கு அருவருப்பு ஒன்றும் இல்லை, யாரையும் சாப்பிடாதே என்று சொல்லவும் மனமில்லை. உப்புப் பார்ப்பது மட்டும்தான் முடியாது. குழம்பு கொதிக்கும்போது சின்னவனைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவேன். நக்கிப் பார்த்துவிட்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்பான். உப்பைச் சொல்கிறானா, குழம்பைக் கேட்கிறானா என்பது இன்றுவரை எனக்கு விளங்கியதில்லை.

அவர்களுக்குச் சமைத்து இறக்கியதும் எனக்கென்று இன்னொரு குழம்பு வைக்கக் கை ஓடாது. ரசமும் அப்பளமும் போதும் என்று உட்கார்ந்துவிடுவேன். அத்தை நல்லவர். ‘பாவம், அவளுக்கு என்ன இருக்கிறது’ என்று உருளைக்கிழங்கை எண்ணெயில் முறுகலாக வறுத்துக் கொடுப்பார். சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் எனக்கென்றே அலமாரியில் இருக்கும். இரவில் கணவர் எண்ணெய் பரோட்டா வாங்கி வந்தால் சால்னா எனக்கு ஆகாது என்பதால் சர்க்கரையைத் தொட்டுச் சாப்பிடுகிறேன். எழுதும்போதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டரைக்கெல்லாம் கிளம்ப வேண்டும். எனக்கென்று தனிச் சமையல் கட்டுப்படியாகாது. இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே எடை குறைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தறிக்காரன் எழுதியது:

சோற்றை அடியோடு நிறுத்துங்கள் சகோதரி. இரவு மூன்று சப்பாத்தி போதும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? தினமும் காலையில் வெறும் வயிற்றில் கொள்ளுத் தண்ணீர் குடியுங்கள். கொழுப்பு கரைந்து ஓடிவிடும்.

கரிசல்காட்டு அக்கா எழுதியது:

தறிக்காரன் தம்பி, கொள்ளை வேகவைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைத்தால் மாடுதான் நன்றாக இருக்கும். கரைக்கிற மருந்து எதுவும் அதில் இல்லை. நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம், அதோடு நார்ச்சத்து. தின்றால் வயிறு நிறையும், சீக்கிரம் பசிக்காது. அதன் மகிமை அவ்வளவுதான், அதுவே பெரிய மகிமைதான். சப்பாத்தியும் அப்படித்தான். எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தியும் ஒரு தட்டுச் சோறும் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்று.

மல்லி, எனக்கு 53 வயது. கோவில்பட்டியில் மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கறி விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. உன்னைப் போலவே ஏறி, பிறகு ஒன்றரை வருடத்தில் பதினோரு கிலோ இறக்கினேன். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேள். அசைவ வீட்டில் கறிதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. நீ கறியை எடுத்துவிட்டாய், அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. துணைக்கு இருந்ததையே இரண்டு மடங்காகச் சாப்பிடுகிறாய். பிறவியிலேயே சைவமான வீட்டில் பருப்பு, கூட்டு, சுண்டல், மோர் என்று ஒரு வரிசை உண்டு. நமக்கு அந்த வரிசை தெரியாது. எனக்குப் புரட்டாசி மாதம்தான் புத்தி சொன்னது. வீடு முழுக்கச் சைவம் இருக்கும் அந்த ஒரு மாதத்தில் எல்லோருக்கும் தொந்தி வைத்துவிடும். வடை, பாயசம், அப்பளம், உருளைக்கிழங்கு! கறி இல்லாத குறைக்கு ஈடு.

தனிச் சமையல் வேண்டாம். மசாலாவைப் பங்கு போடு. வெங்காயம், தக்காளி வதக்கி, அரைத்ததை ஊற்றி, பச்சை வாசனை போனதும் கறி போடுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி எடுத்து ஒரு சின்னச் சட்டியில் ஊற்று. ஊறவைத்து வேகவைத்த மொச்சையையோ கொண்டைக்கடலையையோ அதில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடு. பெரிய சட்டிக்கு ஊற்றும் எண்ணெய் மேலே மிதக்கும் அல்லவா, அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடு. மீன் நாளில் புளிக்கரைசல் கொதித்ததும் அதே மாதிரி. முதல் நாள் ராத்திரி ஒரு கைப்பிடி ஊறப்போடுவது ஒன்றுதான் கூடுதல் வேலை.

மல்லிச்செடி எழுதியது:

அக்கா, துணையை இரண்டு மடங்கு சாப்பிடுகிறேன் என்றீர்களே, அது நேராக வந்து குத்தியது. இன்று கறி நாள். என் தட்டை வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். சோறு மட்டும் 430 கிராம். அப்பளம் மூன்று. உருளைக்கிழங்கை எடுத்த பிறகு தட்டில் எண்ணெய் தேங்கி நின்றது. அத்தை ‘கல்யாணத்துக்கா நிறுக்கிறாய்?’ என்று கேட்டார்.

‘செவ்வாய்க்கிழமை’ என்பவர் எழுதியது:

நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். உங்கள் தட்டைக் கணக்குப் பார்க்கிறேன். வெந்த சோறு நூறு கிராமுக்கு சுமார் 130 கலோரி. 430 கிராம் என்றால் 560 அளவில் வரும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கே 120 கலோரி. கிழங்கு, அப்பளம் இரண்டிலும் சேர்த்து இரண்டு கரண்டியாவது உள்ளே போயிருக்கும். கிழங்கையும் சேர்த்தால் ஒரு வேளையிலேயே 900-ஐத் தாண்டிவிட்டீர்கள். புரதமோ பதினைந்து கிராமைத் தொட்டால் அதிகம், அதுவும் சோற்றிலிருந்து வந்ததுதான். மாலை நான்கு மணிக்குச் சேவுப் பொட்டலத்தைத் தேடுவதற்குக் காரணம் வாய்ச் சபலம் மட்டும் அல்ல.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 50 கிராம். காலையில் ஊறிய பாசிப்பயற்றை அரைத்து அடை (50 கிராம் பயற்றில் 12 கிராம்), மதியம் மொச்சையோ கடலையோ, மாலையில் சுண்டல், இரவில் கெட்டிப் பருப்பு, இடையில் ஒரு கிண்ணம் தயிர் என்று போனால் வந்துவிடும். சாம்பார் வைக்கும் நாளில் மேல் தெளிவை ஊற்றிக்கொள்ளாதீர்கள். பருப்பெல்லாம் அடியில் இருக்கும், கரண்டியை அடிவரை விடுங்கள். சோயா உருண்டை 25 கிராமில் 13 கிராம் புரதம் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் போதும். பன்னீரும் வேர்க்கடலையும் நல்லவைதான், ஆனால் கொழுப்பும் கூட வரும், கை அளவு பார்த்து எடுங்கள்.

முட்டையையும் விட்டுவிட்டீர்கள் என்பதால் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். காய்கறியிலும் பயற்றிலும் அது கிடையாது. பால், தயிரில் ஓரளவு உண்டு.

வீட்டுக்காரர் எழுதியது:

என் மனைவியும் சைவம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். பரோட்டா வாங்கி வருகிறவர் உங்கள் கணவர். அவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டால், உங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்றுதான் நினைப்பார். நான் நான்கு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லிச்செடி எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். 74 இப்போது 71.6. முதல் இரண்டு வாரம் முள் அசையவே இல்லை, விட்டுவிடலாம் என்று தோன்றியது. சோறு நிறுத்தவில்லை, 430-ஐ 200 ஆக்கினேன். பி12 குறைவாகத்தான் இருந்தது, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கணவரிடம் பரோட்டா விஷயத்தைச் சொன்னேன். ‘உனக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வது பிடிக்கும் என்று நினைத்தேன்’ என்றார்! வீட்டுக்காரர் அண்ணாவுக்கு நன்றி. இப்போது அந்த இரவுகளில் எனக்குப் பாசிப்பயறு அடைதான்.

அத்தையைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. சேவை நிறுத்தச் சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் ‘மாலையில் எனக்குச் சுண்டல் நீங்கள்தான் செய்து தர வேண்டும்’ என்று கேட்டேன். அதிலிருந்து தினமும் ஊறவைப்பது அவர் பொறுப்பு. தேங்காயை மட்டும் கொஞ்சம் தாராளமாகத் துருவுகிறார், விட்டுவிட்டேன். சுண்டலில் பாதியை மாமாவே தின்றுவிடுகிறார்.

அக்கா சொன்ன மசாலாப் பங்கு நான்காவது வாரம்தான் கைக்கு வந்தது. முதல் தடவை மறந்துபோய்க் கறியைப் போட்டுவிட்டுத்தான் சட்டியைத் தேடினேன். இப்போது சின்னச் சட்டியை முதலிலேயே பக்கத்து அடுப்பில் வைத்துவிடுகிறேன். போன ஞாயிறு மொச்சை போட்டேன். அதே மிளகு, அதே சோம்பு, அதே வாசனை. உப்பை நானே பார்த்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது. சின்னவனைக் கூப்பிட்டுப் பெரிய சட்டிக் குழம்பையும் ஒரு சொட்டு விட்டேன். ‘இன்னும் கொஞ்சம்’ என்றான். இந்த முறை உப்பைத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது.