புதுப்பிப்பு: சாம்பியா நடை சஃபாரி – ட்செட்சி ஈ, காலணி பற்றிக் கேட்டிருந்தேன்

சாம்பியாவின் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் நடந்து போகும் சஃபாரிக்கு எந்த உடை, எந்தக் காலணி, ட்செட்சி ஈயை (ஆப்பிரிக்காவில் இருக்கும், கடித்து ரத்தம் குடிக்கும் ஈ) எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஜூலையில் போய்த் திரும்பிவிட்டோம்.

பலித்தது "நீலமும் கறுப்பும் வேண்டாம்" என்ற யோசனைதான். அந்த நிறங்கள் ட்செட்சி ஈயை இழுக்கின்றன. கொசு மருந்து தடவியும் பெரிதாகப் பயனில்லை. நீல ஜீன்ஸோடு வந்தவரைத்தான் ஈக்கள் மொய்த்தன. காக்கி போட்டிருந்த எங்களுக்கு ஓரிரண்டு கடியோடு போயிற்று.

காலணிதான் எதிர்பாராதது. நான் சாதாரண ஓட்டக் காலணியே போதும் என்று எடுத்துப்போனேன், தப்பு. அங்கே பல இடங்களில் நம் ஊர் கரிசல் போன்ற மண். மழைக்காலச் சேற்றில் யானை பதித்த குழிகள் வெயிலில் கல்லாய் இறுகிக் கிடக்கின்றன. இரண்டாம் நாள் கணுக்கால் பிசகிவிட்டது. கணுக்காலை மூடும் பழகிய பூட்ஸ் கட்டாயம் வேண்டும்.

நடை ஒற்றை வரிசையில். முன்னால் துப்பாக்கியோடு வனக்காவலர், அடுத்து வழிகாட்டி, அப்புறம் நாங்கள். வழிகாட்டி சாம்பலை உதிர்த்துக் காற்றின் திசை பார்த்ததும், யானைக்கூட்டத்தைச் சுற்றி வேறு வழியில் கூட்டிப்போனதும் மறக்கவே முடியாது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: 12 வயதுக்குக் கீழ் பொதுவாக நடைக்குச் சேர்ப்பதில்லை. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.