ஆறு, கெணறுல தவறி விழுந்தா தப்பிக்கிற அளவுக்கு பசங்களுக்கு என்ன சொல்லிக்குடுக்கணும்?

காவிரிக்கரை_மருமக:
நாங்க சென்னைல இருக்கோம், மாமனார் ஊரு முசிறி பக்கம். பையனுக்கு 9, பொண்ணுக்கு 6. ரெண்டு பேரும் அபார்ட்மெண்ட் நீச்சல்குளத்துல கிளாஸ் போறாங்க, பையன் ஃப்ரீஸ்டைல்ல இந்த முனைலருந்து அந்த முனைக்கு போயிடுவான், பொண்ணு கைல காத்தடிச்ச பட்டைய மாட்டிக்கிட்டு சுத்திட்டு இருக்கா. லீவுக்கு ஊருக்கு போனா ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் தோட்டத்து கெணறு. மாமனார் என்னடான்னா "அதான் நீச்சல் தெரியுதே, விடும்மா"ங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல, கண்ணாடி மாட்டிக்கிட்டு கோச் விசில் அடிச்சதும் குதிக்கிறதும், டவுசர் சட்டையோட கால் வழுக்கி விழறதும் ஒண்ணா? கோச்ச கேட்டா அடுத்தது பட்டர்ஃப்ளைங்கறாரு 😐 உண்மையிலேயே உசுர காப்பாத்துற விஷயம் எது, எந்த வரிசைல சொல்லிக்குடுக்கணும்?

நீச்சல்_வாத்தி:
பட்டர்ஃப்ளை மெடல் வாங்குறதுக்குங்க, அது மெதுவா வரட்டும். மொதல்ல மல்லாக்க மிதக்கணும். காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கணும், தாடை வானத்த பாக்கணும், வயிறு மேல தூக்கி இருக்கணும். பசங்க பயத்துல தலைய தூக்கி காலை பாப்பாங்க, தலை தூக்குனா இடுப்பு அமுங்கும், இடுப்பு அமுங்குனா முடிஞ்சுது. உங்க கைய தலைக்கு அடியில வச்சு, அப்புறம் ஒரு விரல் மட்டும் வச்சு, அப்புறம் எடுத்துடுங்க. அது வந்ததும் கரைலருந்து பக்கவாட்டுல, முதுகு காட்டி, எப்படி வேணா விழ வைங்க. விழுந்து மேல வந்து, மல்லாந்து மூச்சு வாங்கி, அப்புறம் திரும்பி, விழுந்த கரைக்கே வந்து ஏணி இல்லாம கையூனி ஏறணும். இந்த ஏறுறத யாருமே பழக்குறதில்ல. கடைசியா இதே எல்லாத்தையும் டிரெஸ்ஸோட பண்ணனும். நெதர்லாந்துல பசங்களுக்கு குடுக்கிற ஆரம்ப நீச்சல் டிப்ளமோவுக்கே துணியோட நீந்தி காட்டணும்.

பங்களாதேஷ்ல கிராமத்து குளத்துலயே மூங்கில்ல மேடை கட்டி பசங்களுக்கு சொல்லித்தராங்க, அங்க பாஸ் மார்க் என்ன தெரியுமா, 25 மீட்டர் எப்படியாவது நீந்தணும், 30 விநாடி மிதக்கணும், கரைல நின்னுக்கிட்டே இன்னொருத்தர காப்பாத்த தெரியணும், அவ்ளோதான். ஸ்டைல யாரும் பாக்கிறதில்ல.

அப்புறம் அந்த கை பட்டைய தூக்கி போடுங்க. அத போட்டா குழந்தை தண்ணில நிமிந்து நிக்கும், நீந்துறதுக்கு படுக்கணும். பட்டை இல்லாதப்பவும் நாம மெதப்போம்னு அது நம்பிடும், அதான் பெரிய ஆபத்து.

கெணத்துமேடு:
வாத்தியாருங்க சொல்றது சரிதானுங்க, ஆனா எங்கூர்ல கோச்சுக்கு எங்க போறது. நாங்கெல்லாம் முதுகுல சொரப்புருடை, அதாவது காஞ்ச சொரக்கா கூடு, கட்டித்தான் பழகுனோம், இப்ப பசங்களுக்கு எண்ண கேன். கேன் முதுகுலதான் இருக்கோணும், நெஞ்சுல கட்டுனா குப்புற படுக்கவே உடாதுங்க. பழகப்பழக கேனுக்குள்ள கொஞ்சங்கொஞ்சமா தண்ணி ஊத்திக்கிட்டே வந்தா ஒரு நாள் கேன் வெறும் பேருக்குத்தான் இருக்கும், பையனுக்கே தெரியாது.

கெணத்துக்கு ஒண்ணு சொல்றனுங்க. கெணத்துல ஓரம்னு ஒண்ணு கெடையாது, எறங்குன எடத்துலயே ஆழம். படிக்கல்லு பாசி புடிச்சு கெடக்கும், மோட்டாரு ஓடறப்ப யாரும் எறங்கக்கூடாது, வயரு எப்ப எங்க கசியும்னு சொல்ல முடியாது. சித்திரைல தண்ணி கீழ போயிருக்கும், போன வருசம் குதிச்ச எடத்துலயே தலைகீழா குதிச்சா பாறைதான். வடக்கயிறு ஒண்ண முடிச்சு போட்டு தண்ணி மட்டத்துக்கு கீழ வரைக்கும் எப்பவும் தொங்க உட்டு வைங்க, செலவு ஒண்ணும் இல்ல.

நீச்சல்_வாத்தி:
@கெணத்துமேடு கேன் சரி, பெரியவங்க ஒருத்தர் கூடவே தண்ணிக்குள்ள இருந்தா மட்டும். மேல வேப்பமரத்தடில உக்காந்துக்கிட்டு போன் பாத்துட்டு இருந்தா கேனும் அதே கை பட்டைதான்.

சும்மா_ஒருத்தன்:
இவ்ளோ எதுக்கு, தண்ணி பக்கமே விடாதீங்க. பிரச்சன முடிஞ்சுது.

தாமிரபரணி_அக்கா:
@சும்மா_ஒருத்தன் ஊர்ல ஒரு வாரம் இருந்து பாருங்க தம்பி. துணி தொவைக்க, ஆட்ட குளிப்பாட்ட, கோயிலுக்கு போற வழில கால் நனைக்கன்னு போய்த்தான் விழுறாங்க, நீந்த போய் இல்ல. அதுலயும் ஆம்பள பசங்க எப்படியோ கத்துக்கிடுதானுவ, பொம்பள பிள்ளைய வயசு வந்ததும் ஆத்துல எறங்க விடுறதே இல்ல, அப்புறம் அதுதான் குடத்தோட படித்துறைல நிக்கும். அந்த 6 வயசு பிள்ளைக்கு இப்பவே பழக்கிருங்கம்மா, பாவாட சுடிதாரோட பழக்குங்க, துப்பட்டா கால்ல சுத்துனா என்ன பண்ணணும்னு அதுக்கு தெரியணும்.

காவிரில நான் சொல்ல வர்றது, மணல் அள்ளின குழி. முழங்கால் தண்ணிதான்னு நடப்பாங்க, அடுத்த அடி ஆள் முழுகும். மேட்டூர்ல தொறந்து விட்டா நேத்து பாத்த ஆறு இன்னைக்கு இருக்காது. இழுப்புல மாட்டுனா எதுத்து நீந்தக்கூடாது, மல்லாந்து காலை முன்னால நீட்டிக்கிட்டு போய், கொஞ்சங்கொஞ்சமா சாஞ்சு கரைய புடிக்கணும். ஒருத்தர் முழுகுனா காப்பாத்த அடுத்தடுத்து நாலு பேர் குதிச்சு நாலு பேரும் போற செய்தி வருசா வருசம் பேப்பர்ல வருது. பசங்களுக்கு கண்டிப்பா சொல்லுங்க, குதிக்காத, கத்து, ஆள கூப்புடு, படுத்துக்கிட்டு கம்ப நீட்டு, சேலைய வீசு, மூடி போட்ட காலி கேன தூக்கி போடு.

நைட்டூட்டி_நர்ஸ்:
ரெண்டு விஷயம். முழுகுற குழந்தை சினிமால வர்ற மாதிரி கைய ஆட்டி கத்தாது. வாய் தண்ணி மட்டத்துல ஏறி எறங்கும், கை ரெண்டும் தண்ணிய கீழ அமுக்கும், சத்தமே வராது, சில பேர் விளையாடுதுன்னு நெனச்சு பாத்துட்டே இருப்பாங்க. சின்னதுங்க தண்ணில இருக்கிறப்ப கை எட்டுற தூரத்துல ஒரு ஆள் இருக்கணும், "எல்லாரும் பாத்துட்டுதான் இருந்தோம்"னா யாரும் பாக்கலன்னு அர்த்தம்.

வெளிய எடுத்ததும் தலைகீழா தூக்கி சுத்துறது, வயித்த அமுக்கி தண்ணி எடுக்கிறது எல்லாம் வேண்டாம், அதுல நேரம்தான் போகும். மூச்சு இல்லன்னா ஒருத்தர் 108க்கு போன் போடட்டும், நீங்க மூக்க புடிச்சுட்டு வாயோட வாய் வச்சு 5 தடவ ஊதிட்டு, நெஞ்ச 30 தடவ அமுக்கி 2 தடவ ஊதி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம பண்ணுங்க. முழுகுனவங்களுக்கு காத்துதான் மொதல்ல வேணும். கண்ண தொறந்து எந்திரிச்சு உக்காந்துட்டா கூட ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க, நுரையீரல்ல போன தண்ணி அப்புறமா வேலைய காட்டும்.

காவிரிக்கரை_மருமக:
எல்லாருக்கும் நன்றி. கயிறு விஷயத்த மாமனார்கிட்ட சொன்னேன், "அது எங்கப்பா காலத்துல இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு அவரே தேட போயிட்டாரு 😄 ஒரு டவுட், எங்க குளத்துல நீச்சல் டிரெஸ் இல்லாம விடமாட்டேங்கறாங்க, துணியோட எப்படி பழக்குறது?

நீச்சல்_வாத்தி:
சாயம் போகாத பழைய காட்டன் துணிய தொவச்சு எடுத்துட்டு போங்க, கூட்டம் இல்லாத நேரமா கேளுங்க, எதுக்குன்னு சொன்னா பெரும்பாலும் விட்டுடுவாங்க. ஜீன்ஸ் மொதல் நாளே வேண்டாம், அது ஈரமானா பெரியவங்களுக்கே கால் தூக்க வராது.