புதுப்பிப்பு: ராத்திரி லைட் போட்டால் ரோட்டுக்குத் தெரிந்த ஹால் ஜன்னல்

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. கேள்வி இதுதான்: 4 அடிக்கு 4 அடி ஜன்னல், கண்ணாடி ஃபிலிம் ஒட்டியும் ராத்திரியில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்தது.

ஃபிலிமில் குறை இல்லை. வெளிச்சம் அதிகமுள்ள பக்கம்தான் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி தெரியும்; இருட்டினால் அந்தப் பக்கம் நம் வீடு. பகல் வெயிலுக்கு ஆகும் என்று விட்டாச்சு.

வேலை செய்தது, "ஸ்கிரீன் துணிக்கு மேலே பைப், கீழே ஸ்பிரிங் கம்பி" என்ற அண்ணன் சொன்னது. ஆடிக் காத்துக்கு ஜன்னலைத் திறந்தால் வெறும் ஸ்கிரீன் பறக்கும்; கீழேயும் கம்பி கோத்தால் அசையாது. மேலேயும் ஸ்பிரிங் போட்டால் கனத்த துணிக்கு நடுவில் தொய்யும், அதனால் அங்கே பைப். பைப் ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீள வேண்டும், இல்லாவிட்டால் ஓர இடுக்கு தெரியும். ஸ்பிரிங்கை ஹூக் இடைவெளியைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டணும். துணி கரூர் கெட்டிக் காட்டன், சுருக்கத்துக்காக ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு.

எதிர்பாராதது நிழல். ட்யூப்லைட் எதிர்ச்சுவரில் இருந்ததால், நடுவில் நடப்பவர் உருவம் துணியில் அப்படியே விழுந்தது. லைட்டை ஜன்னலுக்கு மேலேயே மாற்றியதும் நிழல் உள்சுவருக்குப் போய்விட்டது. துணி வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கோங்க. சோதிப்பதும் 7 மணிக்கு மேல், ரோட்டில் நின்றுதான்.