அப்பார்ட்மெண்ட் நெட்டிலிங்க மரங்களில் வௌவால்கள்: கணக்கெடுப்பது எப்படி, டிடெக்டர் வாங்க வேண்டுமா?

கசவனஹள்ளி கார்த்தி எழுதியது:

பெங்களூரு நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். நாங்கள் இருப்பது சர்ஜாப்பூர் ரோடு பக்கம், ஏரிக்கு நடந்தே போய்விடலாம். காம்பவுண்டை ஒட்டி வரிசையாக நெட்டிலிங்க மரங்கள், பின்பக்கம் இரண்டு பாதாம் மரம், ஒரு தேன்பழ மரம். இருட்டியதும் வௌவால்கள் வந்துவிடுகின்றன. காலையில் பார்த்தால் கார் மேலெல்லாம் கொட்டையும் சக்கையும், போர்டிகோ சுவரில் பழுப்புக் கறை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வௌவால் வழியாக வரும் நிபா வைரஸ் பற்றி ஏதோ ஃபார்வர்டு போட்டார், அவ்வளவுதான், அடுத்த மாதக் கூட்டத்தில் "மரங்களைப் பாதிக்குக் கழித்துவிடலாமா" என்று தீர்மானம் வைக்கிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் வெறும் கையோடு போய்ப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள், எண்ணிக்கையோடு போகலாம் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறாள். என் கேள்விகள்: எப்படி எண்ணுவது? போனில் வௌவால் சத்தம் கேட்கும் ஆப் போதுமா, அந்தச் சத்தத்தைப் பிடிக்கும் டிடெக்டர் என்ற தனிக் கருவி வாங்க வேண்டுமா? "ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும்" என்று ஒரு ஸ்லைடு போடப் போகிறேன், அது சரிதானே? கிளைகளை வெட்டுவதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

இரவுலாவி எழுதியது:

கார்த்தி, அந்தக் கொசு ஸ்லைடை முதலில் தூக்கிவிடுங்கள். நீங்கள் சொல்லும் கொட்டை, சக்கை, கறை எல்லாம் பழந்தின்னியின் வேலை. அநேகமாகக் குறுமூக்குப் பழவௌவாலாக இருக்கும், ஐம்பது கிராமை ஒட்டிய எடை, நாய் மூஞ்சி, பெரிய கண். அது கொசுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கூட்டத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அங்கேயே உங்கள் கதை முடிந்தது.

பூச்சி தின்னும் வௌவால்களுக்குக்கூட அந்த எண்ணை அப்படியே சொல்ல முடியாது. 1960இல் டொனால்ட் கிரிஃபின் என்ற வௌவால் ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் சிறிய வௌவால்களை ஒரு அறைக்குள் கொசுக்களோடு விட்டு, வேட்டைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்குப் பத்து அளவில் பிடித்திருக்கும் என்று கணக்கு வந்தது. மூடிய அறை, பறந்ததெல்லாம் கொசு. அதை யாரோ அறுபதால் பெருக்கி மணிக்கணக்கு ஆக்கினார்கள், போகப் போக அறுநூறு ஆயிரமாகிவிட்டது. வெளியில் வௌவால் அந்துப்பூச்சி, வண்டு, ஈசல் என்று கிடைத்ததைத் தின்னும்.

டிடெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மரத்து வௌவாலுக்கு அது வீண் செலவு. பூச்சி தின்னிகள் தொண்டையிலிருந்து மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலி, எழுப்பி எதிரொலியில் வழி பார்க்கின்றன. பழவௌவால்களுக்கு அந்த வித்தை கிடையாது, கண்ணும் மூக்கும்தான். குகையில் வாழும் ரூசெட்டஸ் என்கிற பழவௌவால் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி பார்க்கும், ஆனால் அது மரத்தில் தங்குவதில்லை. ஆக, ஆயிரக்கணக்கில் கொட்டி மைக் வாங்கி நெட்டிலிங்கத்தின் கீழே நின்றால் ஒன்றுமே பதியாமல் வௌவாலே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

போன் ஆப் அதைவிட மோசம். போன் மைக் பொதுவாக நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும், அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதியும். பெரும்பாலான வௌவால் குரல் அதற்கு மேலே.

கண்ணால் எண்ணுங்கள். பகலில் ஒவ்வொரு மரத்தடியிலும் பார்த்து, எதன் கீழே புது எச்சம் கிடக்கிறது என்று ஒரு படத்தில் குறியுங்கள். நெட்டிலிங்கத்தில் ஆண் வௌவால் காம்புகளையும் இலைகளையும் கடித்துக் கடித்து உள்ளே ஒரு கூடாரம் மாதிரிச் செய்யும், அதில் பெண்கள் சில சேர்ந்து தங்கும். கீழிருந்து பார்த்தால் தொங்கும் இலைகளுக்கு நடுவே கருப்பாக ஒரு பொந்து தெரியும். அந்த மரங்களைத் தேர்ந்தெடுத்து, சூரியன் மறைவதற்கு முன்பே போய், வெளிச்சம் மிச்சமிருக்கும் மேற்கு வானம் மரத்துக்குப் பின்னால் தெரியும்படி நின்றுகொள்ளுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. வெளியே போவதைக் கூட்டி உள்ளே திரும்புவதைக் கழிக்க வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் எப்போது அதிகம் கிளம்புகின்றன என்பதும் தெரிந்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள்.

ஒரே ஒரு மாலை எண்ணி "நம்மிடம் இத்தனை" என்று சொல்லிவிடாதீர்கள். நாற்பது வருகிற இடத்தில் மறுவாரம் பத்து வரும், எங்காவது ஆலோ அத்தியோ பழுத்திருக்கும். மழை, நிலா, எந்த மரம் பழுத்திருக்கிறது என்பதைப் பக்கத்திலேயே குறிக்காவிட்டால் பின்னால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

மடிவாளா உமா எழுதியது:

எல்லோரும் வௌவால் பக்கமே பேசுகிறீர்கள், சுவர் துடைக்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பேசுங்கள். எங்கள் வீட்டு போர்டிகோவில் இதே கதை, பெயின்ட் அடித்து மாதம் ஆகவில்லை, மறுபடி கறை. மாமியார் வாசல் தெளிக்க வரும்போதே திட்டிக்கொண்டுதான் வருவார். நிபாவைப் பற்றிப் பயப்படுகிறவர்களையும் முட்டாள் மாதிரிப் பேசாதீர்கள். 2018இல் கோழிக்கோட்டில் அத்தனை பேர் இறந்தது நிஜம்தானே? மகாபலேஷ்வர் குகை வௌவாலிலும் நிபா தடயம் கிடைத்ததாகப் புனே வைராலஜி நிறுவனம் சொன்னதை நானும் படித்தேன். பெங்களூரிலிருந்து கேரளா ஒரு ராத்திரி பஸ்.

கால்நடைச் செல்வி எழுதியது:

உமா அக்கா கேட்பது நியாயம். நான் கால்நடை மருத்துவம் படித்தவள், அடிபட்ட வௌவால்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் இதற்கு நானே சொல்கிறேன்.

நிபாவுக்கு முக்கிய உறைவிடம் பெரிய பழந்தின்னி, இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் போகும் அந்த வகை. கார்த்தி மரத்தில் இருப்பது அதுவல்ல என்றே தோன்றுகிறது. அதற்காக மற்றவற்றில் ஒன்றுமே இருக்காது என்றும் சொல்லமாட்டேன், மகாபலேஷ்வர் செய்தி ரூசெட்டஸ் பற்றியது. ஆனால் மரத்தில் தொங்குகிற வௌவாலிடமிருந்து கீழே நடந்து போகிறவருக்கு அது தாவி வருவதில்லை. வங்கதேசத்தில் வந்த வழி, வௌவால் வாய் வைத்த, காய்ச்சாத ஈச்ச மரச் சாறு. கோழிக்கோட்டில் முதல் நோயாளிக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவியது, அதிலும் ஆஸ்பத்திரிகளில். எனவே கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், குழந்தைகள் கீழே கிடக்கும் தேன்பழத்தைப் பொறுக்கித் தின்பதை நிறுத்துங்கள், சக்கையைக் கூட்டும் ஆளுக்குக் கையுறை கொடுங்கள், காய்ந்ததைத் தூசி பறக்கப் பெருக்காமல் நனைத்து எடுக்கச் சொல்லுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது, கடித்துவிட்டால் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். மாஞ்சா நூலில் சிக்கியதைப் பார்த்தால் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு, கெங்கேரியில் இருக்கும் பிஎஃப்ஏ (பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்) வனவிலங்கு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

மரத்தை வெட்டினால் ஆபத்து குறையும் என்று நினைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஹென்ட்ரா வைரஸை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், காட்டில் பூ குறைந்து, வௌவால் கூட்டங்கள் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து ஊருக்குள் தீனி தேடி வரும் காலங்களில்தான் அது குதிரைகளுக்கு அதிகம் தாவியது. விரட்டினால் அவை எங்கே போகும், பக்கத்து அப்பார்ட்மெண்ட் பால்கனிக்குத்தான்.

கறைக்கு வழி உண்டு. வௌவால் பகலில் தங்கும் இடம் வேறு, ராத்திரி பழத்தைக் கொண்டுபோய்த் தொங்கித் தின்னும் இடம் வேறு. உங்கள் போர்டிகோ இரண்டாவது வகை. விட்டத்தில் கால் நகம் மாட்டப் பிடிமானம் இருப்பதால் வருகிறது. அந்த மூலையில் வழுவழுப்பான தகடு ஒன்றை அடியுங்கள், அல்லது சிறுகண் வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்வாகக் கட்டினால் அதிலேயே சிக்கிச் சாகும். மரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கேஜிஎஃப் சேகர் எழுதியது:

கணக்கெடுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் கோலார் மாவட்டத்து விஷயம் ஒன்று சொல்கிறேன். கோலார் இலைமூக்கு வௌவால் என்று ஒன்று உண்டு, 1994இல்தான் தனி இனமென்று விவரித்தார்கள். இப்போது உலகத்திலேயே அனுமனஹள்ளி கிராமத்துக் குகை ஒன்றில்தான் இருப்பதாகத் தெரிகிறது, சில நூறுகூடத் தேறாது. முன்பு பக்கத்துத் தேரஹள்ளியிலும் இருந்தது, அங்கே போய்விட்டது. சுற்றிலும் கிரானைட் வெட்டினார்கள், பாறையை உடைக்கிறவனுக்கு உள்ளே என்ன தொங்குகிறது என்று எப்படித் தெரியும்? யாரோ போய் வலை கட்டி, அளந்து, எண்ணி, இது வேறெங்கும் இல்லை என்று காட்டிய பிறகுதான் குவாரியை நிறுத்தும் பேச்சே வந்தது. பெங்களூரில் இருக்கும் பேட் கன்சர்வேஷன் இந்தியா ட்ரஸ்ட்காரர்கள் அந்த இடத்துக்காக வருடக்கணக்காக உழைக்கிறார்கள். தங்கச் சுரங்கத்தைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு, இதைக் கேட்டால் அப்படியா என்பார்கள்.

நம் ஆட்கள் செய்ததும் இருக்கிறது. கோயம்புத்தூர் ஜூ அவுட்ரீச் அமைப்பு பெரிய பழந்தின்னி தங்கும் மரங்களை எண்ணத் தெற்காசியா முழுக்கத் தன்னார்வலர்களைச் சேர்த்து டெரோகவுண்ட் என்று ஒன்றை நடத்தியது. ஆலமரத்தடியில் நின்று எண்ணியதெல்லாம் வாத்தியாரும் மாணவரும்தான், பெரிய கருவி ஒன்றுமில்லை.

கசவனஹள்ளி கார்த்தி எழுதியது:

கொசு ஸ்லைடு போய்விட்டது. மகள் மரத்துக்கு ஒரு எண் கொடுத்துப் படம் வரைந்துவிட்டாள், இரண்டு மரத்தில் பொந்து தெரிகிறது. கறை இருக்கிற இடமும் தங்குகிற மரமும் வேறு வேறு என்பது எனக்கே புதுச் செய்தி, கூட்டத்தில் முதலில் அதைத்தான் சொல்லப் போகிறேன். சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், ஏரிக்கரையில் தெருவிளக்கைச் சுற்றிச் சின்னதாகப் படபடவென்று பறப்பவை பூச்சி தின்னிகள்தானே, அவற்றுக்காவது டிடெக்டர் உதவுமா?

இரவுலாவி எழுதியது:

சட்டம்: பழவௌவால் முன்பு காக்கை, எலியோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில், அதாவது கொன்றாலும் கேட்பாரில்லை என்ற பட்டியலில் கிடந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, பெரிய பழந்தின்னி இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. மரத்துக்குத் தனிச் சட்டம், 1976ஆம் வருடத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம். தனியார் இடமானாலும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும், சில வகைகளுக்கு மட்டும் விலக்கு. உங்கள் மரத்துக்கு என்ன என்று மாநகராட்சி வனப்பிரிவில் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையே கூட்டத்தில் வையுங்கள். எப்படியும் கழிக்கத்தான் வேண்டும் என்றால், குறுமூக்கு வௌவால் பிப்ரவரி மார்ச்சிலும் ஜூன் ஜூலையிலும் குட்டி போடும், அந்த மாதங்களையும் அடுத்து வரும் ஒன்றிரண்டு மாதங்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பொந்து தெரியும் இரண்டு மரத்தையும் தொடவே வேண்டாம்.

ஏரிக்கு டிடெக்டர் உதவும். ஆடியோமாத் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பதிவுக் கருவி உண்டு, 384 கிலோஹெர்ட்ஸ் வரை மாதிரி எடுக்கும். ஆனால் அதை வைத்து எத்தனை வௌவால் என்று சொல்ல முடியாது. ஒன்றே பத்து முறை கடந்ததா, பத்தும் ஒவ்வொரு முறை கடந்ததா, கருவிக்குத் தெரியாது. கிடைப்பது "இன்றைக்கு இத்தனை கடப்புகள்" என்ற நடமாட்ட அளவு மட்டுமே. இலைமூக்கு வகைகளின் குரல் சில 130, 150 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், அவ்வளவு உயரமான ஒலி காற்றில் சில மீட்டரிலேயே தேய்ந்துவிடும், அதனால் அவை குறைவாக இருப்பது மாதிரித் தெரியும். இனத்தின் பெயரைத் தானாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள், ஐரோப்பிய வௌவால்களை வைத்துப் பழக்கியவை நம் ஊர்க் குரலுக்கும் அங்கத்திய பெயரையே ஒட்டிவிடும்.

முதலில் மரத்து எண்ணிக்கை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் மகள் சலிக்காமல் எண்ணிவிட்டால் அப்புறம் கருவி பற்றிப் பேசுவோம், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வாங்கிக்கொண்டு போகலாம்.

மடிவாளா உமா எழுதியது:

செல்வி, அந்தத் தகடு அலுமினியமா பிளாஸ்டிக்கா? ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

கால்நடைச் செல்வி எழுதியது:

எதுவானாலும் சரி அக்கா, நகம் பிடிக்காத அளவுக்கு வழுக்கினால் போதும். விளிம்பில் இடைவெளி விடாமல் ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதைப் பிடித்துத் தொங்கும்.