மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு 11.6 அங்குல மலிவு மடிக்கணினி போதுமா?

கேள்வி — குடந்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறேன். வீட்டிலுள்ள மேசைக்கணினி விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இயந்திரமும் தளர்ந்துவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக மாதத்தில் பாதி நாட்கள் கிராமத்தில் தங்க வேண்டியிருப்பதால், கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இங்குள்ள கடையில் 11.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் என்4020 செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு (மலிவுக் கணினிகளில் வரும் வேகம் குறைந்த வகை) கொண்ட ஒரு மடிக்கணினியை 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ அதே விலைக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் குரோம் ஓஎஸ்-இல் ஓடும் ஒரு குரோம்புக்கும் இருக்கிறது. கடைக்காரர் "ஆபீஸ் வேலைக்கு இது தாராளம்மா" என்கிறார். என்னால் 25,000 ரூபாய் வரை செலவிட முடியும்.

என் வேலை இவ்வளவுதான்: பதிப்பகத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகளில் திருத்தங்களைக் குறித்தல், இறுதி மெய்ப்பாக வரும் பிடிஎஃப் கோப்புகளைப் படித்தல், உலாவியில் இரண்டு மூன்று அகராதிப் பக்கங்களைத் திறந்துவைத்தல், மாலையில் மகளுடன் காணொளியில் பேசுதல், வங்கி, மின்கட்டணம். ஒரு பதிப்பகத்தார் மட்டும் இன்னும், ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பாமினி எழுத்துருவிலேயே கோப்புகளை அனுப்புகிறார்கள். நான் தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற பழைய தட்டச்சு முறையில்தான் அடிப்பேன். வேறு விசைப்பலகைக்கு மாறும் எண்ணம் இல்லை. இந்தச் சிறிய கணினி எனக்குப் போதுமா என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி — மலைக்கோட்டை சர்வீஸ்

வணக்கம் அம்மா. திருச்சியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட வகைக் கணினிகள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழுதாகி வருவதில்லை, "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்ற குறையோடுதான் வருகின்றன. அதற்கு என்னால் செய்து கொடுக்க முடிவது மிகக் குறைவு. பெரும்பாலான மாடல்களில் ரேமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னால் பணம் வந்தாலும் ஒன்றையும் கூட்டிக்கொள்ள இயலாது. எனவே வாங்கும் நாளில் இருப்பதுதான் கடைசிவரை.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையாக மைக்ரோசாஃப்ட் சொல்வது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும்தான். உங்கள் கடைக்காரர் காட்டும் கணினி அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. 64 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸ் அதைச் சுமார் 58 ஜிபி என்றுதான் காட்டும். விண்டோஸின் கோப்புகளும், புதுப்பித்தல்களுக்காக அது தனியே ஒதுக்கிவைக்கும் சுமார் 7 ஜிபி இடமும் சேர்ந்து அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், உலாவியின் தற்காலிகக் கோப்புகள், வாட்ஸ்அப் வழியாக வந்து குவியும் படங்கள் எல்லாம் போக மிஞ்சும் இடத்தில், ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய புதுப்பித்தல் இறங்க இடமில்லாமல் பாதியில் நின்றுவிடும். அப்போதுதான் மக்கள் என்னிடம் வருகிறார்கள்.

ரேம் கதை இன்னும் கடுமையானது. கணினியைத் திறந்து எதையும் தொடாமல் வைத்திருந்தாலே 4 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸ் பிடித்துக்கொள்ளும். மீதியில் வேர்டு ஓடும், தனியாகப் பிடிஎஃப் ஓடும், உலாவியும் ஓடும். இவை மூன்றும் சேர்ந்து ஓடும்போது ரேம் போதாமல் தரவைச் சேமிப்பகத்துக்குத் தள்ளியும் திரும்ப எடுத்தும் சமாளிக்க வேண்டிவரும். இஎம்எம்சி 5.1 அதிகபட்சமாக நொடிக்கு 400 எம்பி வேகம் என்று ஏட்டளவில் இருப்பது. நடப்பில், அதுவும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படித்து எழுதுகையில், அதற்கு வெகு கீழே போகும். வேர்டில் ஒரு சொல்லைத் திருத்திவிட்டு அகராதிக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் நீங்கள் காத்திருப்பீர்கள். ஆகவே என்னென்ன வேலை செய்வீர்கள் என்ற பட்டியலைவிட, ஒரே சமயத்தில் எத்தனை திறந்திருக்கும் என்பதுதான் முக்கியம். மின்கட்டணத்தையும் வங்கியையும் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், அவை கைப்பேசியில் முடிந்துவிடும்.

கடையில் ஒரு சோதனை செய்துபாருங்கள். உங்கள் கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோய், உண்மையில் வேலை செய்வதுபோலவே எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி என்ற இடத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கணினி உங்களுக்கு ஆகாது.

இன்னொன்று: இவ்வகைக் கணினிகளில் சில, எஸ் மோட் எனப்படும் அமைப்பில் வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலுள்ள செயலிகளைத் தவிர வேறெதையும் நிறுவ முடியாது. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் ஏறாது. கட்டணமின்றி அதிலிருந்து வெளியே வந்துவிடலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. திரும்பிப் போக வேண்டிய தேவையும் உங்களுக்கு வராது.

மறுமொழி — வைகைக் கரை

மேலே சொன்னவர் விண்டோஸை வைத்துப் பேசுகிறார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் குறை இயந்திரத்தைவிட அதன்மேல் ஏற்றும் சுமையில்தான் அதிகம் என்பது என் கருத்து. மதுரையில் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். ஏறத்தாழ இதே அளவுள்ள ஒரு கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, பாடக்குறிப்புகளும் கட்டுரைகளும் அதிலேயே எழுதிவருகிறேன். மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. சேமிப்பு 20 ஜிபி இருந்தால் நிறுவிவிடலாம். வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸ் அதனுடனே வருகிறது, பழைய தட்டச்சு விசைப்பலகையும் கிடைக்கிறது. பாமினி எழுத்துருக் கோப்பைப் பதிந்துவிட்டால் அந்தக் கோப்புகளும் ஒழுங்காகத் தெரியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வேர்டில் குறித்த திருத்தங்களும் ஓரக் குறிப்புகளும் லிப்ரே ஆபீசில் திறக்கும். திருப்பி அனுப்பும்போது பக்க அமைப்பு சற்றே நகரலாம். கட்டுரைக்கு இது பொருட்டில்லை. அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த நூல்களைத் திருத்துபவராக இருந்தால் தொல்லையாகலாம். மேலும், ஏதாவது சிக்கல் வந்தால் கும்பகோணத்தில் லினக்ஸ் தெரிந்தவரைத் தேடுவது எளிதன்று. வீட்டில் ஒருவருக்காவது இதில் ஆர்வம் இருந்தால்தான் இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

மறுமொழி — பக்க வடிவமைப்பாளர்

நான் மெய்ப்பை அனுப்பும் தரப்பில் இருப்பவள், அதனால் இரண்டு விஷயங்களை மட்டும் கூறுகிறேன், அம்மா.

குரோம்புக்கை விட்டுவிடுங்கள். அதில் நீங்கள் அடிக்கும் பழைய தட்டச்சு முறை உண்டு, ஒருங்குறித் தமிழுக்கு எந்தக் குறையும் இல்லை, வேகமும் நன்றாகவே இருக்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டுகள் புதுப்பித்தல் தருவதாகவும் கூகுள் அறிவித்திருக்கிறது. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் வாங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். உங்களுக்குத் தடையாக நிற்பது பாமினி. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் "தமிழ்" என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கூகுள் டாக்ஸில் நம்முடைய எழுத்துருவை ஏற்றிக்கொள்ள வழியில்லை. ஒருங்குறிக்கு மாற்றித் திருத்திவிட்டு மறுபடியும் பாமினிக்கு மாற்றி அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். போகும்போதும் வரும்போதும் மேற்கோள் குறிகளும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சிதையும். நீங்கள் திருத்திய பிழையைவிட மாற்றி உண்டாக்கிய பிழை அதிகமாக இருக்கும்.

அடுத்தது திரை. எல்லாரும் ரேமைப் பற்றியே பேசுகிறார்கள். மெய்ப்புத் திருத்துபவருக்குக் கண்தான் மூலதனம். 11.6 அங்குலத்தில் பெரும்பாலும் வருவது 1366-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை. வேர்டின் பட்டைகளும் கீழேயுள்ள பணிப்பட்டையும் போக, உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் எழுத்துக்குக் கிடைக்கும். பிடிஎஃப் பக்கம் முழுவதும் தெரியுமாறு வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே மங்கிவிடும். இகர, ஈகாரச் சுழிகளைப் பிரித்தறிய முடியாது. பெரிதாக்கினால் வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எனவே கடைக்குப் போகும்போது ஒரு முழுப்பக்க மெய்ப்பைத் திறந்து, புள்ளி விடுபட்ட இடங்களை உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கிராமத்தில் திண்ணையில் அமர்ந்து வேலை செய்வீர்களானால் திரையின் வெளிச்சம் போதுமா என்பதையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிடலாம். கொடுக்க மறுத்தால் வேறு கடை இருக்கிறது.

மறுமொழி — நொய்யல்

25,000 ரூபாய் வரை போகலாம் என்றால், அலுவலகங்கள் கழித்துக்கட்டிய வணிக வகை மடிக்கணினிகளை, அதாவது ரீஃபர்பிஷ்டு என்று விற்பவற்றை, ஏன் பார்க்கக் கூடாது? சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, கோவையிலும் திருச்சியிலும் இவற்றுக்கென்றே கடைகள் இருக்கின்றன. டெல் லாட்டிட்யூட் 7290, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280 போன்றவை 12.5 அங்குலம்தான், ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையில், இஎம்எம்சியைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்போடு, நான்கு கருச் (குவாட் கோர்) செயலியோடு கிடைக்கின்றன. விசைப்பலகை புதிய மலிவுக் கணினிகளைவிட எவ்வளவோ மேல். நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு இதன் அருமை தெரியும். எக்ஸ்280-இல் ரேம் பற்றவைக்கப்பட்டது என்பதால் 8 ஜிபி உள்ளதாகவே பார்த்து எடுக்க வேண்டும், 7290-இல் மாற்றிக்கொள்ளலாம்.

மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், செயலியின் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு, ஐ5-8350யு என்று 8-இல் தொடங்கினால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் வரிசை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஐ5-7300யு போல 7-இல் தொடங்கினால், விற்பவர் ஏதோ குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் காட்டினாலும் வேண்டாம். கணினியை அணைத்துத் திறந்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்புக்குள் கடவுச்சொல் கேட்காமல் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய நிறுவனத்தின் பூட்டு சிலவற்றில் அப்படியே இருக்கும். பேட்டரி தேய்ந்துதான் இருக்கும். விண்டோஸில் பேட்டரி அறிக்கை என்று ஒன்று எடுக்கலாம். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அடுத்தடுத்து வரும். பாதிக்குக் கீழே இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது மாற்றித் தரச் சொல்லுங்கள். உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

மறுமொழி — குடந்தை வாசகி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கோப்புகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பார்த்தேன். வேர்டு மட்டும் திறந்திருந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. முழு நூலின் பிடிஎஃப், அகராதிப் பக்கங்கள் இரண்டு, காணொளி அழைப்பு எல்லாம் சேர்ந்தபோது மெமரி 93 விழுக்காடு காட்டியது. அகராதிப் பக்கத்துக்குப் போனால் வெள்ளைத் திரையாக நின்று பிறகுதான் எழுத்து வந்தது. திரையைப் பற்றிச் சொன்னதும் சரிதான்: முழுப்பக்கமாக வைத்தால் புள்ளிகள் தெரியவில்லை. லினக்ஸ் கற்றுக்கொள்ள எனக்கு இப்போது பொறுமை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனவே எட்டாம் தலைமுறைச் செயலியும் 8 ஜிபி ரேமும் உள்ள 12.5 அங்குல ரீஃபர்பிஷ்டு கணினியைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு ஐயங்கள். கிராமத்தில் பகலில் மின்சாரம் போய்விடும். பழைய பேட்டரியை நம்பலாமா? 12.5 அங்குலமும் சிறிய திரைதானே, வீட்டிலிருக்கும்போது என்ன செய்வது?

மறுமொழி — மலைக்கோட்டை சர்வீஸ்

பேட்டரி கொள்ளளவை வாட்-மணி என்ற அளவில் போட்டிருப்பார்கள். படிப்பதும் தட்டச்சு செய்வதுமாக இருந்தால் இவ்வகைக் கணினி மணிக்கு 7 முதல் 10 வாட்-மணி வரை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் இப்போதைய கொள்ளளவு 35 வாட்-மணி என்று வந்தால் மூன்றரை முதல் ஐந்து மணி நேரம் ஓடும். காணொளி அழைப்பு பேசினால் இது வேகமாகக் குறையும், அதை மின்சாரம் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் டைப்-சி வழியாக மின்னேற்ற முடிகிற மாடலா என்று கேட்டுவிடுங்கள். அப்படியிருந்தால் தொலைந்துபோன சார்ஜருக்காக அலைய வேண்டியதில்லை.

வீட்டில் மேசைக்கணினியின் மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். மடிக்கணினியில் எச்டிஎம்ஐ இருக்கும். மானிட்டரில் பழைய விஜிஏ மட்டுமே இருந்தால் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். மெய்ப்பைப் பெரிய திரையிலும் அகராதியைச் சிறிய திரையிலும் வைத்துக்கொள்ளலாம். பழைய விசைப்பலகையையும் யுஎஸ்பி-யில் செருகிக்கொள்ளுங்கள், அது பிஎஸ்2 எனப்படும் பழைய வட்ட முள் உள்ளதாக இருந்தால் மட்டும் அதற்கொரு கன்வெர்ட்டரோ புதிய விசைப்பலகையோ வாங்க வேண்டிவரும்.