மறு: ஃப்ளோட்: மிதவையா, நகர்படமா, இடந்தேடியா?

> மிதவை என்றே வைத்துவிடலாமே. கேட்டதும் புரியும்.

அண்ணாச்சி, லாடெக் என்னும் பக்க அமைப்பு மென்பொருள் இடம் பார்த்துத் தானே நகர்த்தி வைக்கும் படத்தையும் அட்டவணையையும்தானே ஃப்ளோட் என்கிறோம். அதை மிதவை என்றால் புரியும், ஆனால் வேறு ஏதாவது புரியும். குளச்சல் பக்கம் போய் மிதவை என்றால் வலையில் கட்டுவதைத்தான் காட்டுவார்கள். கணினியிலும் 'மிதவைப் புள்ளி எண்' அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டது.

தவிர, லாடெக்கில் எதுவும் மிதப்பதில்லை. தொடக்கக் கையேட்டுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றிய கட்டுரையைப் பயிற்சியாக வைத்திருக்கிறேன். 115 அடி உயரப் பாலம். ஒரு தூணை அடியில் நின்று எடுத்த நெட்டைப் படம். பக்கத்தில் மிச்சமிருப்பது கால்வாசி. படம் அடங்காது என்று தெரிந்ததும் லாடெக் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, பின்னால் வரும் பத்தியை இழுத்து வெற்றிடத்தை நிரப்பி, அடுத்த பக்கத்தின் தலையில் படத்தை வைக்கிறது. வேர்டில் பழகியவர்கள் இங்கேதான் 'படத்தைக் காணோமே' என்று பதறுவார்கள். 'கீழேயுள்ள படத்தில்' என்று எழுதியவர் பாடு இன்னும் மோசம்! படத்துக்கு லேபிள் என்ற அடையாளப் பெயர் கொடுத்து, 'படம் 1' என்று எண்ணால் சுட்டப் பழக்குவது இதற்காகத்தான்.

இங்கே, மேலே, அடியில், தனிப்பக்கத்தில் என இடக்குறிகள் நான்கு. கட்டுரைகளுக்கான 'ஆர்ட்டிக்கிள்' என்ற ஆவண வகுப்பில் நாம் ஒன்றும் குறிக்காவிட்டால் 'இங்கே' கணக்கிலேயே வராது. வரிசையும் உண்டு: படம் 1 இடமில்லாமல் நின்றால் படம் 2 முந்தாது, அதுவும் நிற்கும். பக்கத்தை அத்துடன் முடிக்கும் க்ளியர்பேஜ் கட்டளை கொடுத்தால் தேங்கியதெல்லாம் அங்கேயே இறங்கும்.

'நகர்படம்' நல்ல சொல்தான்; அட்டவணையும் இப்படியே நகருமே, அதை எங்கே கொண்டு வைப்பது?

ஆகவே 'இடந்தேடி'. உலாவி, ஊர்தி போல. இடந்தேடிப் படம், இடந்தேடி அட்டவணை, இடந்தேடி வரிசை என்று விரித்துக்கொள்ளலாம்.

—

> ஆகவே 'இடந்தேடி'.

தம்பி, எனக்குச் சம்மதம். திருவனந்தபுரத்து டைப்செட்டிங் கம்பெனிகளில் இருந்த நம்மூர்க்காரர்கள் ஃப்ளோட் என்றே சொல்லிப் பழகியவர்கள்; அவர்கள் வாயில் நுழைய நாளாகும், அது கிடக்கட்டும். ஒரு சிக்கல்: 'இடந்தேடி அடுத்த பக்கம் போனது' என்றால் பெயரா, வினையெச்சமா? கையேட்டில் தனியாக விடாமல் படம், அட்டவணை என்று ஒட்டியே எழுதுங்கள். பிழைச்செய்திகளை மொழிபெயர்க்கும்போது மட்டும் பன்மை போதும், 'இடந்தேடிகள்' குழப்பாது.

அடுத்தது கேப்ஷன், அதாவது இன்னதென்று சொல்லும் குறிப்பு வரி. படத்துக்கு அடியிலும் அட்டவணைக்குத் தலையிலும் போடுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?