இடது லீவரை இழுத்தாலும் டோசர் திரும்பவில்லை, பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அடங்குகிறது

செயின்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய டோசர், முன்னால் பிளேடு வைத்து மண் தள்ளும் செயின் வண்டி. பக்கத்துக்கு ஒரு கை லீவர், ஒரு கால் பெடல்: லீவர் அந்தப் பக்க ஸ்டியரிங் கிளட்சை விடுவிக்க, பெடல் அந்தப் பக்க பேண்ட் பிரேக்கைப் பிடிக்க. ஹைட்ராலிக் உதவி எதுவும் கிடையாது, எல்லாம் ராடும் பின்னும்தான். கிளட்சும் ஆயிலில் ஓடும் வகை இல்லை, டிரை கிளட்ச்.

மழைக்காலம் முழுக்க வெட்டவெளியில் நின்றிருந்தது. இப்போது ஸ்டார்ட் ஆகி முன்னும் பின்னும் நன்றாகவே ஓடுகிறது. வலது பக்கம் திருப்புவதிலும் குறையில்லை. இடது லீவரை இழுத்தால் மட்டும் நேராகவே போகிறது. கூடவே இடது பெடலை மிதித்தால் எஞ்சின் முனகி அடங்கப் பார்க்கிறது, வண்டி திரும்பாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

பார்க்க வந்த மெக்கானிக் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லி பேண்டை இறுக்கினார். அப்புறமும் அதே கதைதான். இப்போது சீட், டேங்க் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு இரண்டு பக்கக் கிளட்சையும் மாற்றிவிடலாம் என்கிறார். அவ்வளவு பெரிய வேலையில் இறங்கும் முன் வெளியிலிருந்தே கோளாறு எங்கே என்று உறுதி செய்ய முடியுமா?

லீவர்ரெண்டு:

லீவரை மட்டும் இழுத்தால் என் வண்டியும் நேராகத்தான் போகும். அது கோளாறு இல்லையே? பிளேடில் மண் இருந்தால் மட்டும் திரும்பும்.

பழைய ஆப்பரேட்டர்:

லீவர்ரெண்டு சொல்வது சரிதான். சமதளத்தில் சுமை இல்லாமல் ஓடும்போது ஒரு பக்கக் கிளட்சை விடுவித்தால் அந்தச் செயின் சும்மா கூடவே உருண்டு வரும். வண்டி சற்றே வளையலாம், வளையாமலும் போகலாம். ஆனால் செயின்வண்டி தம்பியின் வண்டியில் பெடலை மிதித்ததும் எஞ்சின் அடங்குகிறது என்கிறாரே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது புரியும். எஞ்சின் சுழற்சியை இரண்டு பக்கமும் கொண்டுபோவது பெவல் கியர் ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிளட்ச். உள் டிரம் எஞ்சின் பக்கம், வெளி டிரம் செயின் பக்கம். நடுவில் ஸ்டீல் பிளேட்டும் லைனிங் டிஸ்கும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். லீவரை இழுத்தால் அந்த அழுத்தம் விலகி வெளி டிரம் தனியாகிவிடும். பிரேக் பேண்ட் சுற்றியிருப்பது வெளி டிரம்மின் மேல். ஆகவே கிளட்ச் விட்டிருந்தால் பிரேக் பிடிப்பது எஞ்சினுக்குத் தெரியவே கூடாது. தெரிகிறது என்றால் கிளட்ச் விடவில்லை. பிரேக் தேய்ந்திருந்தால் நேர் எதிராக இருக்கும்: எஞ்சின் நிம்மதியாக ஓடும், வண்டி திரும்பாது. உங்கள் பிரேக் எஞ்சினையே நிறுத்தும் அளவுக்குப் பிடிக்கிறது. அதை ஏன் இறுக்கினார்கள் என்று புரியவில்லை.

உறுதி செய்ய ஒரு சோதனை. சுற்றிலும் ஆள் இல்லாத சமதளம், முதல் கியர், குறைந்த வேகம். இரண்டு லீவரையும் முழுக்க இழுங்கள். வண்டி நிற்க வேண்டும். நிற்காமல் இடது செயின் மட்டும் நகரப் பார்த்தால் இடது கிளட்ச் ஒட்டியிருக்கிறது. லீவர்களை விடாமல் இடது பெடலை மட்டும் மிதித்துப் பாருங்கள், அப்புறம் வலது பெடலை. எந்தப் பெடலுக்கு எஞ்சின் முனகுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு.

செயின்வண்டி:

ரொம்ப நன்றி அண்ணா. சொன்னபடியே செய்தேன். இரண்டு லீவரையும் இழுத்தும் வண்டி இடது செயினால் மெதுவாக வலப்பக்கம் வளைந்து நகர்கிறது. இடது பெடலை மிதித்தால் எஞ்சின் அடங்குகிறது, வலது பெடலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கிரீஸ்கை:

இடது கிளட்ச் விடவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் துருப்பிடித்து ஒட்டியதா, லீவரின் இழுப்பே உள்ளே போய்ச் சேரவில்லையா என்பது இன்னும் தெரியாது. இரண்டாவதாக இருந்தால் ராடை மாட்டும் ஒரு கிளெவிஸ் பின்னோடு வேலை முடிந்துவிடும்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு லீவரையும் மாற்றி மாற்றி இழுத்துக் கையால் எடை பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் லூசாக வந்து, அப்புறம் ஸ்பிரிங் எதிர்ப்பது கையில் தெரிய வேண்டும். இடது லீவர் கடைசி வரை லேசாகவே வந்தால் லிங்கேஜ் (லீவரிலிருந்து உள்ளே போகும் ராடுகள்) கழன்றிருக்கிறது அல்லது யோக் (கிளட்சை விடுவிக்கும் கவை) உடைந்திருக்கிறது.

அடுத்து ஃப்ளோர் பிளேட்டைத் தூக்குங்கள். ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் யோக் ஷாஃப்டின் தலையில் இருக்கும் ஆர்மைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்க ஆர்மும் ஒரே அளவு நகர்கிறதா? பழைய வண்டியில் பின் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு தொலைந்து, கடைசியில் ஆர்ம் பாதிதான் நகரும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

செயின்வண்டி:

கோடு போட்டே பார்த்தேன். ஆர்ம் இரண்டும் ஒரே அளவுதான் நகர்கின்றன. லீவர் எடையும் ஒன்றேதான். ஒரே வித்தியாசம், இடது லீவரில் ஆரம்ப லூஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஸ்பிரிங் கனம் தெரிகிறது.

கிரீஸ்கை:

அந்த லூஸ் விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும். இப்போதைக்குப் பிரச்சினை துருதான். அழுத்தம் விலகியும் பிளேட்டும் டிஸ்கும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. மழையில் நின்ற டிரை கிளட்சுக்கு இது சகஜம்.

பிரிக்கும் வழி: வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். அப்புறம் இரண்டு லீவரையும் இழுத்துப் பிடித்து, இடது பிரேக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, முதல் கியரில் மெயின் கிளட்சை (எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைப்பது) கொடுங்கள். வலது பக்கம் விடுபட்டிருப்பதால் எஞ்சின் பலம் முழுவதும் ஒட்டியிருக்கும் இடது கிளட்ச் மேல் இறங்கும். விடவில்லையென்றால் ரிவர்ஸில். மாற்றி மாற்றிச் செய்தால் ஒரு கட்டத்தில் படக்கென்று விட்டுவிடும்.

பழைய ஆப்பரேட்டர்:

மெயின் கிளட்சை 'கொடுங்கள்' என்பதை உதறி அடிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஞ்சினை ஏற்றி வைத்துக்கொண்டு திடுமென விட்டு பெவல் கியர் பல்லை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளட்ச் டிஸ்கைவிட அந்தப் பல் பெரிய தலைவலி. குறைந்த வேகம், மென்மையாகச் சேர்த்து, எஞ்சின் அடங்கும் வரை. அவ்வளவுதான்.

அதற்கும் மசியாவிட்டால் இடது லீவரைப் பின்னுக்கு இழுத்து ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் கவர் இருந்தால் அதன் வழியே துரு இளக்கும் எண்ணெயை டிஸ்க் விளிம்புகளில் மட்டும் அளவாகத் தெளிக்கலாம். மறுநாள் திரும்ப முயலுங்கள். கட்டை கொடுத்திருக்கும்போது அந்தச் செயின் எஞ்சினோடு சேர்ந்திருக்காது, கியர் போட்டிருப்பதால் வண்டி நிற்கும் என்று நம்பக் கூடாது. பிளேடைத் தரையில் இறக்கி, செயினுக்கு முன்னும் பின்னும் தடை வையுங்கள்.

செயின்வண்டி:

விட்டுவிட்டது! கட்டை கொடுத்து வைத்த மறுநாள் காலை, ரிவர்ஸில் மெதுவாகச் சேர்த்தபோது பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். இப்போது இடது பக்கம் நின்ற இடத்திலேயே திரும்புகிறது.

ஆனால் அடுத்த பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. பிளேடு நிறைய மண் தள்ளும்போது லீவரைத் தொடாமலே வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இடது ஃபெண்டர் பக்கமிருந்து தீய்ந்த வாசனை வருகிறது. கீழே இடது பக்க டிரெயின் ஓட்டையிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டுகிறது.

கிரீஸ்கை:

சுமையில் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கச் செயினுக்குப் பலம் போகவில்லை. காரணம் இரண்டாக இருக்கலாம்: கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அல்லது பிரேக் முழுக்க விடாமல் உரசுகிறது. உங்கள் வண்டியில் இரண்டுமே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மெக்கானிக் இறுக்கிய பேண்டை முதலில் தளர்த்துங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எவ்வளவு இறுக்கி எத்தனை சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று இருக்கும், மாடலுக்கு மாடல் அது மாறும். சிறிது ஓட்டிவிட்டு இரண்டு பக்கமும் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து லீவரின் ஆரம்ப லூஸ். அது இல்லையென்றால் நீங்கள் லீவரைத் தொடாதபோதும் யோக் பிரஷர் பிளேட்டை (டிஸ்க் அடுக்கை அழுத்திப் பிடிப்பது) லேசாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாதி விட்ட கிளட்சோடு மண் தள்ளுகிறீர்கள். டிஸ்க் தேயத் தேய இந்த லூஸ் தானாகக் குறைந்துகொண்டே வரும், அதனால்தான் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். ராடின் நட்டைத் திருப்பி, புத்தகம் சொல்லும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டையும் முடித்தபின் ஸ்லிப் சோதனை. உயர்ந்த கியர், குறைந்த வேகம், வலது லீவரை இழுத்து, இடது பெடலை முழுக்க மிதித்து, மெயின் கிளட்சைச் சேர்க்க வேண்டும். எஞ்சின் அடங்கினால் இடது கிளட்ச் பிடிக்கிறது. வண்டி நின்றிருக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒன்று ஸ்லிப். அது மெயின் கிளட்சாகவும் இருக்கலாம், எனவே இதையே மறுபக்கமும் செய்து ஒப்பிடுங்கள். ஓரிரு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், லைனிங் கருகும்.

செயின்வண்டி:

பேண்டைத் தளர்த்தி லூஸும் வைத்தாயிற்று. இழுப்பு பாதியாகக் குறைந்தது. வலது பக்கச் சோதனையில் எஞ்சின் சட்டென்று நிற்கிறது, இடது பக்கம் நிற்காமல் ஓடுகிறது. டிரெயின் பிளக்கைக் கழற்றினால் கெட்டியாக கியர் ஆயில் வருகிறது. தெளித்த எண்ணெய் இவ்வளவு இருக்காது.

பழைய ஆப்பரேட்டர்:

டிரை கிளட்ச் அறைக்குள் கியர் ஆயில் இருக்கவே கூடாது. வருவதற்கு இரண்டு வழிதான்: உள்பக்கம் பெவல் கியர் கேஸின் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்), வெளிப்பக்கம் ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கடைசி கியர் பெட்டி) பினியன் சீல். இரண்டின் ஆயில் மட்டத்தையும் இப்போது சரியாக நிரப்பிக் குறித்து வையுங்கள். சில நாள் ஓட்டியபின் எது இறங்குகிறதோ அதுதான்.

அதுவரை கிளட்சைக் கழுவிப் பார்க்கலாம், பழைய வழக்கம். ஆயிலை முழுக்க வடித்து, பிளக்கை மூடி, அறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பெட்ரோலை நினைத்தும் பார்க்க வேண்டாம். சமதளத்தில் லீவரைத் தொடாமல் முன்னும் பின்னும் கொஞ்ச நேரம். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, இந்த முறை லீவரை இழுப்பதும் விடுவதுமாக ஓட்டுங்கள். பிறகு சொட்டு நிற்கும் வரை வடியட்டும். உள்ளிருக்கும் ஆவி போவதற்குள் பக்கத்தில் வெல்டிங், பீடி எதுவும் கூடாது. பேண்ட் லைனிங்கும் நனைந்திருக்கும், சமதளத்தில் பிரேக்கைச் சோதிக்காமல் சரிவுக்குப் போகாதீர்கள்.

சரிவு என்றதும் ஒன்று. லீவர்ரெண்டு போன்றவர்களுக்கும்தான் சொல்கிறேன். இந்த வகை வண்டியில் இறக்கத்தில் இறங்கும்போது இடது லீவரை மட்டும் இழுத்தால் வண்டி வலது பக்கம் திரும்பும். எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்த செயினை நாம் அவிழ்த்துவிடுகிறோம், அது முந்திக்கொண்டு ஓடுகிறது. அங்கே லீவரோடு பிரேக்கையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

செயின்வண்டி:

கழுவியபின் நன்றாகப் பிடித்தது, சுமையிலும் நேராகப் போனது. ஆனால் நிலைக்கவில்லை, வேலை ஏற ஏறப் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெவல் கேஸ் மட்டம் குறித்த இடத்திலேயே இருக்கிறது. இடது ஃபைனல் டிரைவில் இறங்கியிருக்கிறது.

ஆக பினியன் சீல். இடது பக்கத்தைத் திறக்கத்தான் வேண்டும் என்று புரிகிறது. திறக்கும்போது வலதையும் சேர்த்துச் செய்துவிடலாமா?

கிரீஸ்கை:

வலது பக்கம் விடவும் விடுகிறது, பிடிக்கவும் பிடிக்கிறது, டிரெயினும் காய்ந்திருக்கிறது. அதை ஏன் தொட வேண்டும்? மேலே இருப்பதை இறக்கிவிட்டோமே என்பது மட்டும் காரணமாகாது. கவரைத் திறந்து பார்த்து ஆயில் ஈரம் இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

இடது பக்கத்தில் சீலோடு நிறுத்த வேண்டாம். ஆயில் ஊறிய லைனிங் டிஸ்கை எவ்வளவு கழுவினாலும் சூடேறினால் கசியும், மாற்றிவிடுங்கள். ஸ்டீல் பிளேட்டைத் தட்டையான பரப்பில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ தள்ளிவிடுங்கள். இரண்டு டிரம்மின் பற்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். பிளேட்டும் டிஸ்கும் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது டிஸ்கும் அதில் மாட்டி நின்று, முதலில் சொன்ன அதே விடாத கோளாறைக் கொடுக்கும். ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினால் சூட்டில் தளர்ந்தது குட்டையாகத் தெரியும். யோக்குக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருக்கும் ரிலீஸ் பேரிங்கைக் கையோடு மாற்றுவதுதான் புத்தி. பினியன் ஷாஃப்டில் சீல் உதடு உரசும் இடத்தில் கோடு விழுந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் புது சீலை அடித்தால் அதுவும் சீக்கிரம் போகும்.

இரண்டு எச்சரிக்கை. கிளட்ச் பேக்கைப் பிரிக்கும்போது ஸ்பிரிங்குகள் முழு அழுத்தத்தில் இருக்கும். புத்தகத்தில் சொன்ன நீள போல்ட் அல்லது பிரஸ் இல்லாமல் நட்டைத் தளர்த்தாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. தூசியை ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய ஆப்பரேட்டர்:

டிரெயின் பிளக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரிலும் சேற்றிலும் வேலை செய்யும்போது மூட வேண்டும், உலர்ந்த இடத்தில் கழற்றிவிட வேண்டும். ஆண்டு முழுக்க மூடியே வைத்தால் சீல் கசிவதும் தெரியாது, உள்ளே புகுந்த மழைநீரும் வெளியேறாது. அடுத்த மழைக்கு நிறுத்தும்போது மேலே தார்ப்பாய் போட்டு, பிளேடை இறக்கி, தடை வைத்து, இரண்டு லீவரையும் இழுத்துக் கட்டி விடுங்கள்.

செயின்வண்டி:

அப்படியே செய்கிறேன் அண்ணா. இடது பக்கம் மட்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார். சீலும் டிஸ்க் செட்டும் வந்ததும் திறக்கிறோம். டிரம் பல் எப்படி இருக்கிறது என்று படத்தோடு போடுகிறேன்.